கச்சித் தருக்கமும் திருப்பெரும்புதூர்க் கொலை நூல்களும்

மணிமேகலை 1898-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையரால் பதிப்பிக்கப்பெற்ற நாள்தொட்டு, அதன் இருபத்தொன்பதாங் காதையாகிய தவத்திறம் பூண்டு தருமங் கேட்ட காதை அறிஞரிடையே ஒரு வழக்குப் பொருளாகவே இருந்து வந்துள்ளது. அறவணவடிகள் காஞ்சி நகரத்தே மணிமேகலைக்கு அறிவுறுத்தும் அளவைநெறி திக்நாகருக்கு முற்பட்டதோ பிற்பட்டதோ என்பதும், அது நியாயப்பிரவேசம் என்னும் வடநூலோடு எத்துணை ஒத்துச் செல்கின்றது என்பதும் விரிவாக ஆராயப்பட்டன. 1928-இல் வெளிவந்த கிருட்டிணசாமி ஐயங்காரின் ஆங்கில நூல் அவ்வாராய்ச்சிக்கு ஒரு திருப்பம் தந்தது. ஆயின், இவ்வாராய்ச்சிகள் பெரும்பாலும் அக்காதையைக் காப்பியத்தின் காலத்தை அளக்கும் கோலாகக் கொண்டனவேயன்றி, அதிற் கூறப்பட்ட அளவைகளைக் கொண்டு எதனையேனும் அளந்து பார்த்தனவல்ல. அதனை ஈண்டுச் செய்து பார்க்க முற்படுகின்றோம். அளத்தற்கு யாம் எடுத்துக்கொண்ட பொருள், இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருப்பெரும்புதூரில் 1991-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள் இரவு நிகழ்ந்த இராசீவ் காந்தி கொலையைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுந்துள்ள உரைநடை நூல்களாகும்.

இந்நூல்களை இலக்கியத் திறனாய்விற்கு உரியன அல்ல எனத் தள்ளுவாரும் உளர். அவர் கூற்று எமக்கு உடன்பாடன்று. தமிழ் உரைநடை இந்த முப்பது ஆண்டுகளில் மேற்கொண்ட பணிகளுள், ஒரு கொலைக்குச் சான்று காட்டி வாதிடுதலும் ஒன்று. புலனாய்ந்த அதிகாரி இரகோத்தமன் 'ராஜீவ் கொலை வழக்கு' எழுதினார். திருச்சி வேலுச்சாமி 'ராஜீவ் படுகொலை: தூக்குக் கயிற்றில் நிஜம்' எழுதினார். சிறையிலிருந்தபடியே பேரறிவாளன் 'தூக்குக் கொட்டடியிலிருந்து ஒரு முறையீட்டு மடல்' வரைந்தார். நளினியின் நூல் 2016-இல் 'ராஜீவ் கொலை: மறைக்கப்பட்ட உண்மைகளும் பிரியங்கா – நளினி சந்திப்பும்' என்னும் பெயரொடு வந்தது. சிறப்புப் புலனாய்வுக் குழுவின் தலைவராயிருந்த கார்த்திகேயன், இராதாவினோத் இராசுவோடு சேர்ந்து எழுதிய ஆங்கில நூலுக்கு உண்மையின் வெற்றி எனப் பொருள்படப் பெயரிட்டார். இப்பெயர்களை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். உண்மை ஒருவரிடத்தே வெற்றி பெற்றுவிட்டது, ஒருவரிடத்தே மறைக்கப்பட்டுள்ளது, மற்றொருவரிடத்தே தூக்குக் கயிற்றிற் றொங்குகின்றது. மூவரும் நிகமனத்தை நூன்முகப்பிலேயே நிறுத்திவிட்டனர். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என அறவணர் ஓதிய வரிசை தலைகீழாயிற்று. பேரறிவாளன் நூல் ஒன்றே முடிபைப் பெயரிற் கூறாது, தன் வடிவை மட்டும் கூறி நிற்கின்றது. முறையீடு என்பது கேட்போர் இனிமேற்றான் முடிவு கூறவேண்டும் எனக் கருதும் வடிவம்.

மேற்செல்லுமுன் 'சதி' என்னும் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். சதி என்று பேசுவாரை எல்லாம் மயங்கினவர் என்று ஒதுக்கும் வழக்கம் கற்றவரிடையே உண்டு. திருப்பெரும்புதூரைப் பொறுத்தவரை அவ்வழக்கு ஏற்காது. ஏனெனில், சதி உண்டு என்பது நீதிமன்றமே நிறுவிய பொருள். 1992 மே 20-இல் அளிக்கப்பட்ட குற்றப்பத்திரிகை நாற்பத்தொருவரைச் சுட்டிற்று, அவருள் பன்னிருவர் முன்னரே இறந்தவர், மூவர் பிடிபடாதவர், எஞ்சிய இருபத்தறுவருக்கும் பூந்தமல்லித் தனி நீதிமன்றம் 1998 சனவரி 28-இல் தூக்குத் தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றம் 1999 மே 11-இல் நால்வர்க்குத் தூக்கையும் மூவர்க்கு வாழ்நாட் சிறையையும் நிறுத்தி, எஞ்சிய பத்தொன்பதின்மரைச் சதிக் குற்றத்தினின்று விடுவித்தது. எனவே வினா, சதி உண்டோ இல்லையோ என்பதன்று. அச்சதி எவ்வளவு பரந்தது, எவரெவரை உட்கொண்டது என்பதே. இன்னொன்றும் கருதத்தக்கது. நாடெங்கும் பயங்கரவாதச் செயல் என்று பேசப்படும் இக்கொலையை, தடா சட்டத்தின் பொருள்படப் பயங்கரவாதச் செயல் அன்று எனவும் அத்தீர்ப்பே கூறிற்று. ஒருவரைப் பழிவாங்கும் கருத்தே சான்றுகளாற் போந்தது, அரசினை அச்சுறுத்தும் கருத்து மெய்ப்பிக்கப்படவில்லை என்பது அதன் துணிபு. ஊர்வழக்கும் சட்டவழக்கும் இவ்வாறு பிரிந்து நிற்குமிடத்தே, சொல்லைச் சொல்லாகவே கொண்டு வாதிடுவார் இடறுதல் இயல்பு.

இனி அளவைக்கு வருவோம். மணிமேகலையின் இருபத்தேழாங் காதையில் அளவைவாதி பத்து அளவைகளைக் கூறி, பின்னர் எட்டுப் பிழைகளையும் எண்ணுகின்றான். அது நிகழுமிடம் வஞ்சியேயன்றிக் கச்சியன்று. எனினும் மணிமேகலை அங்குக் கேட்டவற்றோடு மனம் அமையாது கச்சி வந்து அறவணரிடம் தெளிவு பெறுதலின், இரண்டு காதைகளையும் ஒரு பாடத்தின் இரு கூறுகளாகக் கொள்ளல் பொருந்தும். பத்தனுள் ஒன்று ஐதிகம். இன்ன மரத்திற் பேய் உண்டு என்று உலகத்தார் சொல்லக் கேட்டுத் தெளிவது அதற்கு எடுத்துக்காட்டு. பிழை எட்டனுள் ஒன்று, காரணமின்றிப் பிறர் கூறக் கேட்டு இவரே நின் தாய் தந்தையர் எனக் கருதும் நினைப்பு. அளவையாகிய ஐதிகமும் பிழையாகிய நினைப்பும் பிறர் வாய்ச்சொல்லையே சார்ந்தன. அவற்றிடையே உள்ள வேலி மிக மெல்லியது. அறவணர் ஐதிகத்தைத் தனியளவையாகக் கொள்ளாமைக்கு இதுவும் காரணமாகலாம்.

கச்சிக்கு இவ்வகை ஐதிகம் புதிதன்று. திருப்பெரும்புதூரிற் பிறந்த இராமாநுசரைக் கொல்ல, அவர்தம் ஆசிரியராகிய யாதவப்பிரகாசரே காசி யாத்திரையை வாய்ப்பாகக் கொண்டு சூழ்ச்சி செய்தார் என்றும், கோவிந்தர் குறிப்பாக உணர்த்த, விந்தக் காட்டினின்று வேடர் வடிவில் வந்த பெருமாளும் பிராட்டியும் அவரைக் கச்சிக்கு மீட்டனர் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறும். அடியார் உள்ளத்தில் அவ்வரலாறு பெற்றுள்ள இடத்தை யாம் அசைக்க முற்படவில்லை. யாதவர் தரப்பில் நின்று அதனைக் கூறும் நூல் ஒன்றும் நம் கைக்கு எட்டவில்லை என்பதை மட்டும் குறித்து அமைகின்றோம். பெரியோர் ஒருவருக்கு நேர்ந்த இடருக்கு, அவர்க்கு மிக அணுக்கமாயிருந்தவரே காரணர் எனக் கூறும் கதைப்போக்கு எத்துணைப் பழைமையானது என்பதற்கு இது சான்று. திருப்பெரும்புதூர் நூல்கள் சிலவற்றில் அதே போக்கு, சமயப் போர்வை நீங்கி, அரசியற் போர்வையில் வெளிப்படுகின்றது.

இருபத்தொன்பதாங் காதையில் யாம் பெரிதும் மதிப்பது, அறவணர் கருத்தளவையை மூன்றாக வகுத்து அவற்றுள் ஒன்றனையே பிழையாதது எனத் தேர்ந்தெடுத்த பகுதியாகும். காரணங் கண்டு காரியத்தை உய்த்துணர்தலும், பொதுமை கண்டு துணிதலும் தவறவும் கூடும். காரியங் கண்டு காரணத்தை உய்த்துணர்தலே தவறாதது. புகை கண்டு கனல் உண்டு எனல் போல. மேகம் எழுந்தது கண்டு மழை பெய்யும் என்பார் மொழி பொய்த்தலும் உண்டன்றோ?

இந்த ஒரு வேறுபாட்டைக் கையிற் கொண்டு மேற்குறித்த நூல்களுட் புகுந்தால் அவை தாமே இரு கூறாகப் பிரிகின்றன. புலனாய்வின் வன்மை முற்றும் காரியக் கருத்தில் உள்ளது. குண்டு வெடித்த இடத்திலே இறந்து கிடந்த அரிபாபு என்னும் இளைஞரின் நிழற்படக் கருவி உடையாது கிடைத்தது. அதனுள் இருந்த பத்துப் படங்களுள், மாலையேந்தி நின்ற தணுவும், குறிப்பேட்டுடன் வெண்ணிறச் சட்டையில் நின்ற சிவராசனும் காணப்பட்டனர். சந்தன மாலை வாங்கிய பற்றுச்சீட்டு பின்னர் அகப்பட்டது. அதே மாதம் 7-ஆம் நாள் சென்னையில் வி. பி. சிங் பேசிய கூட்டத்தில் ஒத்திகை நிகழ்ந்தமை தெரியவந்தது. யாழ்ப்பாணத்தோடு நிகழ்ந்த கம்பியில்லாச் செய்திப் போக்குவரவு படித்தறியப்பட்டது. 1991 ஆகத்து 20-இல், பெங்களூரையடுத்த கோணனகுண்டேயில் சிவராசன், சுபா முதலியோர் உயிரற்றுக் கிடந்தனர். இவை யாவும் புகை. இவற்றினின்று கனலுக்குச் செல்லும் வழி நேரியது. கொலை செய்த படத்தைக் கொலையாளரே எடுத்து வைத்துச் சென்ற இவ்வழக்குப் போன்றது உலகில் அரிது. மதுரையிற் பாண்டியன் முன் கண்ணகி சிலம்பை உடைத்து, உள்ளிருந்த பரலைக் காட்டி வழக்கு வென்றதும் இவ்வகைச் சான்றாலேயே என்பது நினைவுகூரத் தக்கது.

மறைந்த கையைத் தேடும் நூல்களோ பெரும்பாலும் காரணக் கருத்தைப் பற்றுக்கோடாகக் கொண்டவை. இவ்விறப்பால் எவர்க்கு ஊதியம் என்று வினவி, ஊதியம் பெற்றவரைச் செய்தவர் எனத் துணிவது அவற்றின் நடை. ஊதியம் பெறுவோர் பலர்; செய்வோர் சிலர். ஓர் ஏது, சாதிக்க வேண்டிய பொருளிடத்தும் அதன் மறுதலையிடத்தும் ஒப்பக் காணப்படின் அது சாதாரணம் என்னும் போலியாம் என்று அறவணர் ஓதியது இதற்கே அளவெடுத்தாற் போல உள்ளது.

மேடைகளிலும் நூல்களிலும் அடிக்கடி கேட்கப்படும் ஒரு வினாவை ஈண்டு முழுமையாக ஆராய்ந்து பார்ப்பது நலம். அத்தனை பேர் மாண்ட இடத்தில், கட்சித் தலைவர் இன்னார் இன்னார் மட்டும் எவ்வாறு விலகி நின்றனர் என்பது அவ்வினா. அதனை வாதவடிவிற் பெயர்த்தால், இன்னார் சதிக்கு உடந்தையர் என்பது பக்கம். குண்டு வெடித்தபோது தொலைவில் நின்றமையின் என்பது ஏது. இவ்வேதுவைச் சோதிப்போம். சதியில் இருந்தவர் எனத் துணியப்பட்டவர் சபக்கம். அவருள் சிவராசனும் சுபாவும் நளினியும் தொலைவில் நின்று தப்பினர். ஆயின் தணுவும் அரிபாபுவும் அணுகி நின்று மாண்டனர். சதியில் இல்லாதார் விபக்கம். அவருள் காவலரும் தொண்டரும் பலர் அணுகி நின்று மாண்டனர். மைதானத்திற் கூடியிருந்த பெருங்கூட்டம் தொலைவில் நின்று பிழைத்தது. ஆக, ஏதுவானது சபக்கத்தில் ஒரு கூற்றிலும் விபக்கத்தில் ஒரு கூற்றிலும் மட்டும் நிகழ்கின்றது. அநைகாந்திகம் ஆறனுள் உபயைகதேச விருத்தி என மணிமேகலை பெயரிடுவது இதனையே. வகுப்பறைகளில் மாணவர் அச்சத்தோடு மனப்பாடஞ் செய்யும் இந்நெடும் பெயர்க்கு இதனினும் நேரிய திட்டாந்தம் யாம் கண்டிலம். இவ்வேதுவால் இன்னார் உடந்தையர் என்பதும் பெறப்படாது. உடந்தையர் அல்லர் என்பதும் பெறப்படாது. வினா பொருளற்றது என்று யாம் சொல்லவில்லை. அது விடை தரும் ஆற்றலற்றது என்கின்றோம்.

காரணக் கருத்தின் நலிவுக்கு மற்றொரு சான்று விடுதலைப் புலிகளைப் பற்றிய வாதத்திலேயே உண்டு. 1987 சூலை 29-இல் ஒப்பந்தம் ஏற்பட்டு, இந்திய அமைதிப்படை ஈழம் சென்று, 1990 மார்ச்சில் மீண்டது. மீண்டும் இராசீவ் காந்தி ஆட்சிக்கு வரின் படையும் வரும் என அஞ்சிப் புலிகள் கொன்றனர் என்பார் ஒரு சாரார். 1991 மார்ச்சில் கவிஞர் காசி ஆனந்தன் புலிகளின் சார்பில் அவரைக் கண்டு பேசினார். நட்பு நாடியவர் எங்ஙனம் கொல்வர் என்பார் மற்றொரு சாரார். இரண்டு ஏதுக்களும் தம்மளவில் இயைபுடையனவே. ஒலி செய்யப்படுதலின் அநித்தம் எனவும், கேட்கப்படுதலின் நித்தம் எனவும் இருவர் இரு முடிபு கூறி ஐயத்தை விளைக்கும் விருத்த வியபிசாரிக்கு இஃது ஒப்பு. நோக்கத்தை மட்டும் பற்றி நிற்பார் ஈண்டு என்றும் நிற்கவே நேரும். நிழற்படத்தையும் செய்திப் போக்குவரவையும் பற்றினாரே அப்பாற் செல்வர். புலிகளின் கை உண்டு என யாம் துணிவது இரண்டாவது வழியால்.

அபாவம் பற்றியும் ஒரு சொல். அன்றைய கூட்டத்தின் ஒளிநாடா ஒன்று வெளிவராமற் போயிற்று என்னும் குற்றச்சாட்டைப் புலனாய்ந்தவராகிய இரகோத்தமனே எழுப்பியுள்ளார். பாதுகாப்புக் குறையை ஆராய்ந்த வர்மா ஆணையம் 1992-இல் அறிக்கை தந்தது. சதியின் பரப்பை ஆராய்ந்த செயின் ஆணையத்தின் இடைக்கால அறிக்கை 1997 நவம்பரில் வெளியே கசிய, தி.மு.க.வை அமைச்சரவையினின்று விலக்குமாறு காங்கிரசு கேட்டு, அது நிறைவேறாமையின் ஆதரவை விலக்கிக்கொள்ள, குச்ரால் அரசு வீழ்ந்தது. 1998-இல் அவ்வாணையத்தின் இறுதி அறிக்கையையொட்டிப் பன்னோக்குக் கண்காணிப்பு முகமை அமைக்கப்பட்டு, 2022-இற் கலைக்கப்பட்டது. இருபதாண்டுகளுக்கு மேல் ஆராய்ந்த ஓர் அமைப்பு, மக்கள் படித்துத் தெளியுமாறு ஒரு விடை நூல் தராது கலைந்தமை வருந்தத்தக்கது. இவ்வெற்றிடத்திலே மறைகை நூல்கள் செழித்தன. ஆயின், ஒரு பொருள் காணப்படாமை அது மறைக்கப்பட்டது என்பதற்கு ஏதுவாகாது. அதற்குக் காணப்பட வேண்டிய பொருள் முன்பு இருந்தது என்பது முதலில் நாட்டப்படல் வேண்டும். ஒளிநாடா இருந்தது என்பார் அதனைக் கண்டவர் கூற்றால் நாட்ட முயல்கின்றனர். ஆகலின் அவ்வாதம் ஆராயத்தக்கது. சான்றே இல்லாமையைச் சதியின் திறமைக்குச் சான்றாக்கும் வாதமோ முயற்கோட்டை ஒக்கும்.

இதுகாறும் கூறியதனால் ஐயுறுவோர் பக்கமே பிழை முழுதும் உள்ளது போலத் தோன்றலாம். அன்று. அதிகாரச் சார்பான நூல்களில் அமைந்துள்ள பிழை, எண்ணிற் சிறிதாயினும் விளைவிற் பெரிது. பேரறிவாளன் கைதானபோது பத்தொன்பது வயதினர். குண்டுக்குப் பயன்பட்ட ஒன்பது வோல்ட்டு மின்கலங்களை வாங்கித் தந்தார் என்பது அவர் மீதுள்ள முதன்மைக் குற்றம். அவை எதற்கு என்பதை அவர் அறிந்திருந்தார் என்பது, தடா சட்டப்படி காவல் அதிகாரி பதிந்த வாக்குமூலத்தினின்று கொள்ளப்பட்டது. எதற்கு என்பது தமக்குத் தெரியாது என அவர் கூறிய பகுதியைத் தாம் எழுதாது விட்டதாக, அவ்வாக்குமூலத்தைப் பதிந்த அதிகாரியே 2013-இல் வெளிப்படுத்தினார். இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னர்! மின்கலம் வாங்கியது காட்சியாலும் கருத்தாலும் நாட்டக்கூடியது. அறிந்து வாங்கினார் என்பது எழுதிய ஏட்டை நம்பியே நின்றது. அந்த ஏடு குறையுடையது என எழுதியவரே கூறியபின், அறிந்தே வாங்கினார் என்பது, தறியை மகன் எனத் தேராது தெளிந்த தெளிவன்றி வேறென்னை? ஒரு மனிதனின் உயிர் இத்தெளிவில் தொங்கிற்று. உண்மை வென்றது என்று பெயர் சூட்டிய நூலார் இவ்விடத்தே ஒரு நிறுத்தக் குறியேனும் இட்டிருக்கலாம்.

எம் கருத்தில், இந்நூல் வகையைப் படிப்போர் மிகுதியும் வழுவுமிடம் இதுவே. இரண்டு ஐயங்கள் ஈண்டு உள. இன்னவன் அறிந்து செய்தானோ என்பது ஒன்று. இக்கொலை நாம் கேட்டறிந்தவாறு நிகழ்ந்ததோ என்பது மற்றொன்று. முன்னது நல்ல ஏதுவுடைய ஐயம். பின்னது பெரும்பாலும் ஏதுப்போலிகளைச் சார்ந்தது. தூக்குக்கு எதிரான இயக்கத்தின் வழியாக முன்னையது தமிழகத்தில் பரவியபோது பின்னையதும் அதன் தோளேறி வந்தது. ஒருவனுக்கு இழைத்த அநீதி கண்டு உள்ளம் வெதும்பியோர், வழக்கு முழுவதுமே கட்டுக்கதை எனக் கொள்ளத் தலைப்பட்டனர். மறுதலையாக, கொலை நிகழ்ந்த வகை நன்கு நாட்டப்பட்டமையின், தண்டனை பெற்ற ஒவ்வொருவர் பங்கும் அங்ஙனமே நாட்டப்பட்டது எனக் கொண்டோரும் உளர். இரு சாராரும் செய்த பிழை ஒன்றே. 2022 மே 18-இல் பேரறிவாளனையும், நவம்பர் 11-இல் எஞ்சிய அறுவரையும் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. அவ்விடுதலை குற்றமின்மையை அறிவித்ததன்று. அரசியலமைப்பின் 142-ஆம் பிரிவின்கீழ் வழங்கப்பட்டது. எனினும் அதனைக் குற்றமின்மைத் தீர்ப்பாக எழுதும் கட்டுரைகளை இன்றும் காண்கின்றோம்.

இம்மயக்கம் தமிழர்க்கே உரியதுமன்று. 1963-இற் கென்னடி கொலையுண்டபின் வாரன் ஆணையம் 1964-இல் ஒருவனே கொன்றான் என்றது. 1979-இல் அமெரிக்கப் பேரவைக் குழு சதி இருந்திருக்கலாம் என்றது. அதற்கு ஆதாரமாயிருந்த ஒலிப்பதிவை 1982-இல் அந்நாட்டுத் தேசிய அறிவியற் கழகம் மறுத்தது. மறுப்பு வந்தபின்னும் நூல்கள் நிற்கவில்லை. அங்கு ஒருவனா பலரா என்பது வினா. இங்குப் பலர் என்பது முடிந்தது, அப்பலரின் எல்லையே வினா. ஆகலின் அங்குள்ள திறனாய்வை அப்படியே ஈண்டுப் பெயர்த்து நடுதல் பொருந்தாது.

இறுதியாக, இவ்வெழுத்துக்கள் யாவற்றினும் சுருங்கிய ஒரு தொடரை நோக்குதல் வேண்டும். 2002 ஏப்பிரலில் கிளிநொச்சியில் உலகச் செய்தியாளர் முன் இக்கொலையைப் பற்றி வினவப்பட்டபோது, புலிகளின் தலைவர் பிரபாகரன் அதனைத் 'துன்பியல் சம்பவம்' என்றார். துன்பியல் என்பது நாடகத் திறனாய்வாளர் மேலைநாட்டு நாடக வகை ஒன்றைக் குறிக்க வழங்கிய சொல். நம் துறை வகுப்பறைகளிற் பழகியது. நாடகத்தில் துன்பம் ஊழாலோ தலைவன் குறையாலோ வருவது. கொலையாளி என ஒருவனைத் தேடும் கட்டாயம் அங்கில்லை. 2006 சூனில் அன்ரன் பாலசிங்கம் ஆங்கிலத்தில் அளித்த நேர்காணலிலும் அதே பொருளுடைய ஆங்கிலச் சொல்லே வந்தது. சிலர் அதனை ஒப்புதல் என்றனர். இயக்கம் ஒப்புதல் அன்று என்றது. இரு சாராரும் தத்தம் கருத்தை அச்சொல்லினின்றே எடுத்தனர். தொல்காப்பியர் தொழின் முதனிலைகளை எண்ணுங்கால் வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி என ஆறனை ஒருங்கு நிறுத்தி, இன்னதற்கு, இது பயன் என்னும் இரண்டனைப் பிரித்து அவற்றோடு கூட்டினார். மறைகை நூல்கள் பின்னிரண்டையே சுற்றிச் சுழல்கின்றன. கிளிநொச்சித் தொடரோ வினையை மட்டும், அதுவும் பெயராக்கி வைத்துக்கொண்டு, எஞ்சிய ஏழனையும் விட்டுவிட்டது. அவ்வேழனுள் 'செய்வது' என்பது முதலில் நிற்பது.